சுவரின் மேல் பாதி

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன். என் மருமகள் வீட்டில்கூட அப்படித்தான். "அத்தை, இது காங்கிரீட்" என்று அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். ராயபுரத்தில் ஒரு சுவரோடு ஐந்து வாரம் பயந்து பயந்து குடித்தனம் பண்ணியவள் நான். சுவர் போய்விட்டது, பயம் மட்டும் கூடவே இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். மாதா கோயிலுக்குப் பின்னால், கடற்கரைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. வீடு அவருடைய அப்பா, கொத்தனாராக இருந்தவர், கட்டி வைத்துவிட்டுப் போனது. ஓட்டு வீடு. நடுவில் ஒரு மண்சுவர். அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வாடகைக் குடித்தனம். அந்த மண்சுவர் ஒரு மழையில் ஊறிச் சரிந்துபோனது. அங்கேதான் என் கதை ஆரம்பிக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு எந்தச் சாமானையும் அது இருக்கிறபடி விட மனசு வராது. வாளிக்குப் பிடி மாற்றுவார், தாழ்ப்பாளைத் திருப்பிப் போடுவார், நன்றாக ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பார். என்னைக் கட்டிக்கொண்டபோதும் ஏதாவது திருத்தம் செய்யலாம் என்று நினைத்திருப்பார், பலிக்கவில்லை. சுவர் விழுந்ததும் மனுஷன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள் ஹார்பரிலிருந்து பஞ்சுப் பொதி கட்டி வரும் இரும்புப் பட்டைகள் கொஞ்சம் கொண்டுவந்தார். வேண்டாமென்று வெட்டி எறிந்தவை, ஒரு விரல் அகலம் இருக்கும்.

அவர் யோசனை இதுதான். ஒரு கல் கனத்துக்குச் சுவர் எழுப்பினால் இடம் அடைக்கும், செங்கல்லும் நிறையப் பிடிக்கும். அரைக்கல் கனத்துக்கு எழுப்பினால் தள்ளாடும். அரைக்கல் சுவரிலேயே நாலு வரிசைக்கு ஒரு முறை கலவைக்குள் ஒரு பட்டையைப் படுக்கவைத்து, இரண்டு முனையையும் பக்கத்துச் சுவர்களுக்குள் விட்டு, அவரே செய்த ஒரு திருகு பூட்டால் இறுக்க வேண்டும். பெல்ட் போட்டு இறுக்கியதுபோல் சுவர் விறைப்பாக நின்றுவிடும். வியாசர்பாடிப் பக்கம் அப்போது சின்னச் சின்ன வீடுகளாக எழும்பிக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கும் இது உதவும் என்று கண் பளபளக்கச் சொன்னார்.

அந்தக் கண் பளபளப்புக்கு நானும் ஒரு காரணம். நான் பாரிமுனையில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்கள் அதற்குப் பேட்டன்ட் உரிமை கேட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பும் மனுக்களைத் தயார் செய்யும் ஆபீஸ் அது. எங்கள் சார் எல்லாரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான்: மனு போய் நம்பர் வரும்வரை வாயைத் திறக்காதே, யாருக்கும் காட்டாதே. ஊருக்குத் தெரிந்துவிட்டால் அது புதுசு இல்லை, உரிமையும் இல்லை. இதை நான்தான் பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் அதை ஞானோபதேசம் மாதிரி பிடித்துக்கொண்டார். சாரிடம் அழைத்துப்போனபோது அவர் படத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. ரெண்டு மழைக்காலம் நிக்கட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்றார். ஆக, இரண்டு மழைக்காலத்துக்கு எங்கள் இருவர் வாய்க்கும் பூட்டு.

ரகசியம் என்பதால் கொத்தனார்கூட இல்லை. அவரே கட்டினார். ஷிஃப்டு முடிந்து வந்து இருட்டும்வரை, பிறகு ஞாயிறுகளில் பூசை முடிந்து. மணல் கொண்டுவருவது என் பாடு. ஆற்று மணல் வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. கடல் மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

"கடல் மண்ணை மூணு தபா நல்ல தண்ணில கழுவு. நாக்குல வெச்சிப் பாரு, உப்பு கரிக்கக்கூடாது" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த மனுஷன் வாளிப் பிடிக்கே இத்தனை சாஸ்திரம் பார்க்கிறவர், மணலுக்குப் பார்க்கமாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் சொன்னபடியே செய்தேன். விடியற்காலை தெருக்குழாயில் வரிசையில் நின்று, குடம் குடமாகப் பிடித்து, கூடை கூடையாக அலசி, நாக்கில் வைத்துத் துப்பி. இரண்டாம் வாரம் குழாயில் தண்ணீர் அரை மணி நேரம் வந்தாலே அதிசயம். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு மீன்காரம்மா என் கூடையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க சாவறோம், இவ மண்ணுக்குக் குளிப்பாட்டிகினு கீறா! இன்னாத்துக்குடி இது?"

எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்த கொஞ்சத்தையும் சொல்லக்கூடாது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முகம் எரிய, பாதிக் குடத்தோடு திரும்பி வந்தேன். அன்றைய கூடைகளுக்கு ஒரு அலசல். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசிக் கூடைகளை அப்படியே கொட்டி வைத்தேன்.

சாயங்காலம் அவர் கேட்டார். "கழுவிட்டியா மே?"

"கழுவிட்டேன்."

முதல் வாரம் தினமும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர், அந்த வாரம் பார்க்கவில்லை. என் வார்த்தை போதும் என்று நினைத்துவிட்டார். சுவரின் கீழ்ப் பாதி கழுவிய மணலில் நின்றது. மேல் பாதி என் பொய்யில் நின்றது. அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகவே தோன்றவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை அடித்ததும் மறந்தே போனேன்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு அக்கா குடி வந்தாள். புருஷன் கப்பலில் போகிறவர், வருஷத்தில் ஒரு தரம் முகம் காட்டுவார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூட யூனிபாரம் தைப்பதுதான் அக்காவுக்குப் பிழைப்பு. குடிவந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் அந்தச் சுவரைக் காட்டி, "இதுல மட்டும் ஆணி அடிக்கக்கூடாதும்மா, சொல்லிட்டேன்" என்றார். வீட்டை வாடகைக்கு விடுகிற எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. பட்டையில் ஆணி பட்டுவிடுமே என்பது அவர் கவலை, அது ரகசியம். அக்கா பயந்த மாதிரித் தலையாட்டினாள்.

ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடம் அந்தச் சுவரோரம்தான். அதனால் தையல் மெஷினை அங்கேதான் போட்டாள், முதுகை அந்தச் சுவருக்குக் கொடுத்து உட்காருவாள். மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத் துணிகளைக் குவித்து வைத்திருப்பாள். மத்தியானத்தில் குழந்தை அந்தக் குவியலில்தான் தூங்கும். மெஷின் சத்தம் சுவர் வழியாக எங்கள் பக்கம் வரும். சமையல் செய்துகொண்டே அந்தச் சத்தத்துக்குக் காலால் தாளம் போடுவேன்.

முதல் மழைக்காலம் நன்றாகவே போனது. சுவர் அசையவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

இரண்டாவது மழைக்காலம், ஐப்பசி. ஒருநாள் காலை ஆபீசில் எனக்கு ஒரு மனு டைப் அடிக்கக் கொடுத்தார்கள். லேபரட்டரிக்காரர் ஒருவர் எழுதியது. ரத்தத்தைக் குளிரில் உறையவைத்துப் பல நாள் வைத்திருந்தாலும் அதிலுள்ள செல்கள் சாகாமல் காப்பாற்ற ஒரு திரவம் கண்டுபிடித்திருந்தார். செல் என்றால் என்ன என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உடம்பு அதனால் ஆனது, கண்ணுக்குத் தெரியாதது, உயிருள்ளது, அவ்வளவுதான். மூன்றாவது பக்கத்தில் அந்த மனுஷர் எழுதியிருந்தார்: செல்லைக் கொல்வது குளிர் அல்ல. உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது அதற்கு முன்பைவிட அதிக இடம் வேண்டியிருக்கிறது. அது உள்ளிருந்தே தள்ளுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, தெரியும்போது தோல் கிழிந்து எல்லாம் முடிந்திருக்கும். அதனால் பாதுகாப்பை முன்கூட்டியே உள்ளே கலந்துவிட வேண்டும், பிறகு செய்து பயனில்லை.

டைப் அடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் நின்றுவிட்டன. ஏன் என்று எனக்கே உடனே தெரியவில்லை. ஒரு வாரமாக எங்கள் சுவரில், என் தலைக்கு மேல் உயரத்தில், படுக்கைவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடியிருந்தன. நாலு வரிசைக்கு ஒரு கோடு. கோட்டோரம் டீ சிந்தியதுபோல் ஒரு பழுப்பு. சுண்ணாம்பு வெடித்திருக்கிறது என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன்.

எழுந்து சாரிடம் போனேன். "சார், இரும்பு துருப்பிடிச்சா பெருக்குமா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமாம்மா. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேணும். கல்லையே பிளந்துடும். ஏன்?"

"உப்பு பட்டா?"

"சீக்கிரமே ஆகும். இரும்புக்கு உப்பைவிட எமன் உண்டா?"

மூன்று தரம் கழுவு என்று அவர் ஏன் சொன்னார் என்பது, சுவர் எழும்பி ஒன்றரை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவரின் ரத்தக் காகிதத்தைப் படித்து எனக்குப் புரிந்தது. திரும்பிப் போய் மிச்சத்தை அடித்தேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் பதினோரு பிழை.

பஸ்ஸில் வீடு வரும்வரை ஒரே கணக்குதான். விழுந்தால் எந்தப் பக்கம் விழும்? வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, மேல் பாதியில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. எங்கள் பக்கம் குழிவு என்றால் அந்தப் பக்கம் வயிறு தள்ளியிருக்கிறது. அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவரிடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன். "உள்ளே பட்டை துருப்பிடிச்சிருக்குமோன்னு பயமா இருக்குங்க. அக்காவாண்ட சொல்லிடலாமா?"

"இன்னா சொல்லுவ? உள்ள பட்டை கீதுன்னு சொல்லுவியா? ஊருக்கே தமுக்கு அடிச்சிடுவா. இன்னும் ஒரு மாசம், மழை முட்சிடும், மனு போயிடும். கழுவின மண்ணு மே, எப்டித் துருப்பிடிக்கும்?"

கழுவவில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே சுவரைப் பிரித்திருப்பார். அவரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. அவருடைய இரண்டு வருஷக் கனவை என் சோம்பேறித்தனம் கொன்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? பயத்தில் இரண்டு வகை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சுவர் விழுமே என்று ஒன்று, நான் செய்தது தெரிந்துவிடுமே என்று ஒன்று. வெட்கம் கெட்டுச் சொல்கிறேன், இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் தூங்கின லட்சணம் எனக்குத்தான் தெரியும். மெஷின் ஓடினால் அந்த அதிர்வில் சுவர் விழுமே என்று பயம். மெஷின் நின்றால் என்ன ஆச்சோ என்று அதைவிடப் பயம். சாதம் வடிக்கும்போது சத்தம் நின்றால், கஞ்சியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் காதை வைப்பேன். குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்கும்வரை காதை எடுக்கமாட்டேன்.

அக்காவை அந்த இடத்திலிருந்து நகர்த்த என்னென்னவோ பொய் சொன்னேன். வாசலோரம் நல்ல காற்று வருமே என்றேன். "துணி பறக்கும்மா" என்றாள். சுவரோரம் பல்லி அதிகம் என்றேன். "அது பாட்டுக்குக் கீது, நான் பாட்டுக்குக் கீறேன்" என்றாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியானம் குழந்தையை எங்கள் வீட்டில் தூங்கவைக்கச் சொன்னேன். இரண்டு நாள் அனுப்பினாள், மூன்றாம் நாள் அம்மா வேண்டும் என்று அழுது ஓடிவிட்டது. ஒருநாள் எரிச்சலோடு கேட்டேவிட்டாள்: "இன்னா தங்கச்சி, நான் அங்க குந்தறது உனுக்கு இன்னா பேஜாரு?"

அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்ப்பேன். பார்க்க ஒன்றும் இருக்காது. மேல் பாதி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தாள். சட்டைக்கும் கவுனுக்கும் வெட்டிய அளவுக் காகிதங்கள். நடுவில் பெரிய மாதா படம். வேலைக்குக் கைக்கெட்ட இருக்கட்டும் என்று ஒட்டினேன் என்றாள். கோடு எதுவும் கண்ணில் படாததால் எனக்கும் கொஞ்சம் ஆறுதல். அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லைபோல என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாமல் மழை. ராயபுரம் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை, நான் ஆபீஸ் போகவில்லை. அவர் மட்டும் நடந்தே ஹார்பருக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தில் சிவப்பாக ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேல் கோடு விரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை துணிக் குவியலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, எழுந்திரு."

"தோ, இந்தச் சட்டைக் கையை மட்டும் வெச்சித் தச்சிட்டு வரேன்."

"எழுந்திருக்கா! சுவரு வுழப் போவுது!"

மெஷின் நின்றது. அவள் திகைப்பாள், ஏன் எப்படி என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் தங்கச்சி. நான்தான் ஆணி அட்சேன். ஒண்ணே ஒண்ணு, மாதா படத்துக்கு. அதுலேர்ந்து கோடு வுட்டுகினே போச்சு. உன் வூட்டுக்காரரு பாத்தாருன்னா காலி பண்ணச் சொல்லுவாருன்னு காயிதம் ஒட்டி மறச்சேன். சின்னக் கொயந்தைய வெச்சிகினு எங்க போவேன்?"

சொல்லிக்கொண்டே காகிதத்தைப் பிடித்து இழுத்தாள். மைதாப் பசை ஈரத்தில் ஊறியிருந்ததால் அப்படியே உரிந்து வந்தது. என் பக்கம் நூல் மாதிரி இருந்த கோடு, அவள் பக்கம் விரல் நுழைகிற பிளவு. அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஐந்து வாரமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் ஒரே பிளவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"ஆணி இல்லக்கா. மண்ணு. மண்ணை நான் கழுவல" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அதுதான் நான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். அக்கா மெஷினை இழுக்கத் திரும்பினாள். அவளுக்கு அதுதானே சோறு. ஒரு கையால் அவள் முடியைப் பிடித்தேன் என்று நினைக்கிறேன், அல்லது புடவையை. இழுத்துக்கொண்டு வாசல் தாண்டி மழையில் விழுந்தோம். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே நுழையும்போது பின்னால் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. மூட்டையைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம், பிறகு ஓடுகள் சரியும் சத்தம், பிறகு மழை. குழந்தை அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது.

நனைந்த துணியோடு எதிர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். மழைக்குச் சந்தில் எல்லாரும் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஷிஃப்டு விட்டு அவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. ஏதோ மிருகம் கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குள் முட்டிபோட்டு, வெறும் கையால் செங்கற்களை வாரி வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. தொண்டையிலிருந்து வந்தது வெறும் சத்தம். செங்கல்லுக்கு அடியிலிருந்து குழந்தையின் கவுன் ஒன்றின் நுனி தெரிந்தது. அக்கா தைத்துக் குவியலில் போட்டிருந்த வெறும் கவுன் அது, உள்ளே குழந்தை இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"தோ இருக்கோம்! எல்லாரும் இருக்கோம்!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் ரத்தம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுவரைப் பார்த்தார். கீழ்ப் பாதி அப்படியே நின்றிருந்தது, நூல் பிடித்த மாதிரி. பட்டையின் முனையைத் தடவினார், கருப்பாக, புதுசாக இருந்தது. விழுந்த குவியலிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். அது பஜ்ஜி மாதிரி உப்பி, கையோடு உதிர்ந்தது. குவியலிலிருந்து ஒரு சிட்டிகைக் கலவையை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். நிற்கிற சுவரிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி வைத்தார். துப்பவில்லை.

அக்கா முந்திக்கொண்டாள். "அண்ணே, தப்பு என்னுதுதான். ஆணி அட்சிட்டேன்." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அதற்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது.

"இல்லீங்க" என்றேன். "ரெண்டாவது வாரம் நான் மண்ணைக் கழுவல. கழுவிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றேன். "முன்னாடியே சொல்லியிருந்தா பிரிச்சிருப்பேன் மே" என்றார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. அக்காவின் மெஷினைத் தோண்டி எடுத்து ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டுபோய்ச் சக்கரத்தை நிமிர்த்திக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும். அக்காவும் குழந்தையும் எங்கள் பக்கமே எங்களோடு இருந்தார்கள். மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் ஒரே அறையில், அவர் மட்டும் ஊமையாக.

சார் விஷயம் கேட்டுவிட்டு, "கீழ்ப் பாதி நிக்குதே அம்மா, அதுவே சாட்சி. வீட்டுக்காரரை வரச் சொல்லு, மனுவை இப்பவே அனுப்பலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். வந்து சொன்னேன். அவர் குவியலிலிருந்து நல்ல செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருந்தார்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில், மேல் பாதியைத் திரும்பக் கட்டுவதற்காக, அவரே மணல் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். நான் குடத்தோடு பின்னாலேயே ஓடினேன். பெண்கள் வரிசையில் ஆம்பிளை நிற்பதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அதே மீன்காரம்மா, "இன்னா நைனா, இப்ப நீ குளிப்பாட்ட வந்துட்டியா?" என்றாள்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "சொல்றேன்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். பட்டை எங்கே வைக்கிறது, எத்தனை வரிசைக்கு ஒன்று, பூட்டு எப்படித் திருகுகிறது. கடல் மணலில் உப்பு இருந்தால் இரும்பு உள்ளே பெருத்துச் சுவரைக் கிழிக்கும், அதனால்தான் மூன்று தண்ணீர். உங்கள் வீட்டில் கடல் மணலில் இரும்பு வைத்துக் கட்டியிருந்தால் படுக்கைவாட்டில் கோடு ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் மறைக்காதீர்கள், வந்து என்னிடம் சொல்லுங்கள் என்றார். ஊருக்குத் தெரிந்தால் உரிமை இல்லை என்று நான் கற்றுக்கொடுத்த பாடம், குழாயடியில் இருபது பெண்களுக்கு முன்னால் காற்றில் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும்ங்க, போச்சுங்க எல்லாம்" என்றேன். அவர் நிறுத்தவில்லை.

மீன்காரம்மா தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள். "இதை அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

மூன்று தண்ணீர் அலசினோம். அவர் ஊற்ற, நான் அலசினேன். முடிந்ததும் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"உப்பு இல்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு குனிந்து, தானும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.